பொடுகு ஷாம்பூவா? பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்

இந்த முறை வந்ததில் பாதிக்கு மேல் தலை அரிப்புக் கடிதங்கள். சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: மூன்று கம்பெனி பொடுகு ஷாம்பூ மாற்றிவிட்டேன். போட்டதும் போகிறது, பத்து நாளில் திரும்ப வருகிறது. நிரந்தரமாகப் போக எதை வாங்குவது?
— கல்லூரி மாணவர், திருமங்கலம்

பதில்: பொடுகை நிரந்தரமாகப் போக்கும் ஷாம்பூ எந்தக் கடையிலும் இல்லை தம்பி. உண்டு என்று சொல்லி விற்பவர் பொய் சொல்கிறார். மலாசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை எல்லார் தலையிலும் இருக்கிறது. தலைத்தோலில் ஊறும் எண்ணெய்ப் பசைதான் அதற்குச் சாப்பாடு. அது தின்றுவிட்டு விடும் கொழுப்பு அமிலம் சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்வதில்லை. தோல் எரிச்சலாகி, செதில் செதிலாக உதிர்கிறது. அந்தப் பூஞ்சையை அடக்கி வைக்கலாம், அடியோடு ஒழிக்க முடியாது.

மூன்று கம்பெனி என்கிறீர்கள். மூன்றிலும் என்ன மருந்து இருந்தது என்று ஒரு வரி எழுதவில்லையே! எனக்கு ரொம்ப நாளாக இருக்கும் ஆதங்கம் இது. போன் வாங்கப் போனால் ரேம் எவ்வளவு, பேட்டரி எவ்வளவு என்று கடைக்காரரைக் குடைந்தெடுக்கிறோம். தலையில் தேய்ப்பதை மட்டும் விளம்பரத்தில் ஆடும் கூந்தலைப் பார்த்து வாங்குகிறோம். பாட்டிலைத் திருப்புங்கள். பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருக்கும். கீட்டோகோனசோல், சிங்க் பைரிதியோன், செலினியம் சல்ஃபைடு, பைராக்டோன் ஒலமைன், இவற்றில் ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். செதில் தடித்துக் கிடந்தால் சாலிசிலிக் அமிலம் உதவும். உங்கள் மூன்று பாட்டிலிலும் ஒரே மருந்து இருந்திருக்கலாம். பெயர் மாறியதற்கு மூன்று தடவை காசு கொடுத்திருப்பீர்கள். முன்பக்கத்தில் வேப்பிலையும் எலுமிச்சையும் படமாக இருக்கும், பட்டியலில் கடைசி வரியில் துளியாக இருக்கும். படத்தை நம்பி வாங்காதீர்கள்.

வாங்கியதை ஒழுங்காகப் போடவும் வேண்டும். தேய்த்த கையோடு அலசினால் மருந்து சாக்கடைக்குத்தான் போகும். முடியில் இல்லாமல் தோலில் படும்படி தேய்த்து, மூன்று முதல் ஐந்து நிமிஷம் விட்டு அலசுங்கள். 2 சதவீத கீட்டோகோனசோல் என்றால் வாரம் இரண்டு முறை, இரண்டு முதல் நான்கு வாரம். அடங்கிய பிறகும் வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒரு முறை தொடர வேண்டும். நின்றதும் நீங்கள் நிறுத்திவிடுகிறீர்கள், அதனால்தான் திரும்ப வருகிறது. ஒரு மாதம் இப்படிப் போட்டும் அடங்காவிட்டால் நான்காவது பாட்டில் வாங்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். வெள்ளித்தூள் மாதிரி தடித்த செதில் நெற்றி ஓரம் தாண்டி வந்தாலோ, முழங்கை, முழங்காலிலும் இருந்தாலோ அது சொரியாசிஸ் என்ற தோல் நோயாக இருக்கலாம்.

கேள்வி: தலை வறண்டதால்தான் பொடுகு என்று ராத்திரி எண்ணெய் வைத்துப் படுக்கச் சொல்கிறார் மாமியார். மூலிகைத் தைலமும் சந்தையில் வாங்கி வந்திருக்கிறார்.
— இல்லத்தரசி, உசிலம்பட்டி

பதில்: பொடுகு இருக்கும்போது ராத்திரி முழுக்க எண்ணெய் ஊற விடாதீர்கள், பிசுபிசுப்பில் செதில் ஒட்டிக்கொண்டு இன்னும் மோசமாகும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விட மனசில்லை என்றால், குளிப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் தேய்த்து, சுத்தமாக அலசிவிடுங்கள். அத்தையிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள், அக்கறையில்தான் வாங்கி வந்திருக்கிறார்.

தைல பாட்டிலில் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி இருக்கிறதா? நானும் ஒரு பொருட்காட்சி ஸ்டாலில் 450 ரூபாய் கொடுத்து ஒரு தைலம் வாங்கினேன். ஸ்டிக்கரில் ஒரு கைபேசி எண் மட்டும்தான். வீட்டுக்கு வந்து திறந்தால் காறல் வாடை அடித்தது. அந்த எண்ணில் யாரும் எடுக்கவில்லை. முகவரி இல்லாத பொருளுக்கு யார் மேல் புகார் கொடுப்பது?

கேள்வி: போர் தண்ணிதான் காரணம் என்று ஷவர் ஃபில்டர் விற்க வருகிறார்கள். வாங்கலாமா?
— வாசகர், திருநகர்

பதில்: பொடுகுக்காக வேண்டாம்.

கேள்வி: முடி கிளினிக் ஒன்றில் மகள் தலையை கேமராவில் காட்டி, "இப்படியே விட்டால் வழுக்கைதான்" என்று பயமுறுத்தினார்கள். பொடுகு நிரந்தரமாகப் போக கேரண்டி என்று 18,000 ரூபாய் வாங்கினார்கள். ஐந்து சிட்டிங் முடிந்தும் அரிப்பு அப்படியே. பணம் கேட்டால் ரீஃபண்ட் கிடையாது என்கிறார்கள். மகளுக்குச் சேர்த்த பணம்.
— தாய், மேலூர்

பதில்: அம்மா, உங்களைத் திட்டுகிறவர்களைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பயந்திருக்கும் ஒருவரிடம் காசு பிடுங்கியவர்கள் மேல்தான் குற்றம். "ரீஃபண்ட் கிடையாது" என்று வாயால் சொன்னாலும் ரசீதில் அச்சடித்தாலும் அதோடு முடிந்துவிடாது. குறையான சேவைக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தர மறுப்பதையும், பில் தராமல் இருப்பதையும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்றே சொல்கிறது.

ரசீது, கேரண்டி அட்டை, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். கேரண்டி என்று சொன்ன வரியைப் படம் எடுத்து வையுங்கள். பணத்தைத் திருப்பித் தரும்படி, 15 நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து தமிழிலேயே புகார் சொல்லலாம். அசையாவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுங்கள். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். விட்டுவிடாதீர்கள்.

மகளை மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை தோல் பிரிவில் காட்டுங்கள். செலவில்லை.

கேள்வி: ஆஃபரில் ஆறு பாட்டில் ஷாம்பூ வாங்கினேன். ஐந்து மாதம் கழித்துப் பார்த்தால் எல்லாம் காலாவதி. பில் இல்லை. என்ன செய்வது?
— வாசகர், அண்ணாநகர்

பதில்: வாங்கும்போது தேதி பார்க்கவில்லை, பில் வாங்கவில்லை, ஐந்து மாதம் பிரிக்கவும் இல்லை. காலாவதியானது கடையிலா உங்கள் பீரோவிலா என்றே உங்களால் சொல்ல முடியாதபோது நான் யாரைக் கேட்பது? தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் ஒரு லோஷன் தந்தார்கள். தடவினால் அரிப்பு உடனே நிற்கிறது, நிறுத்தினால் இரண்டு மடங்காகிறது. பெயர் குளோபெட்டாசோல்.
— ஆட்டோ ஓட்டுநர், செல்லூர்

பதில்: அது வீரியமான ஸ்டீராய்டு அண்ணே. சீட்டு இல்லாமல் தந்ததே தப்பு. தொடர்ந்து தடவினால் தோல் மெலிந்துபோகும். பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு இந்த வாரமே தோல் மருத்துவரிடம் போங்கள். எத்தனை மாதமாகத் தடவுகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: ஏழு வயதுப் பையனுக்குத் தலையில் வட்டமாக முடி கொட்டிச் செதில் வருகிறது. எந்தப் பொடுகு ஷாம்பூ நல்லது?
— தந்தை, வாடிப்பட்டி

பதில்: எதுவும் வாங்காதீர்கள். அது படர்தாமரையாக இருக்கலாம். அதற்கு ஷாம்பூ மட்டும் போதாது, உள்ளுக்கு மாத்திரை வேண்டும். நாளைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். அதுவரை அவன் சீப்பையும் துண்டையும் தனியாக வையுங்கள்.