ஃபேயெட் கவுண்டியின் வரலாற்றுப் பலகைகள்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஆஸ்டினிலிருந்து ஹூஸ்டன் போகும் 71-ஆம் நெடுஞ்சாலையில், கொலராடோ ஆற்றங்கரையில் இருக்கிறது லா கிரேஞ்ச். அது தலைமையிடமாக உள்ள ஃபேயெட் கவுண்டி 1837 டிசம்பரில் உருவானது. ஜெர்மானியரும் செக் மக்களும் வந்து குடியேறிய பண்ணை நாடு இது. அங்குள்ள வரலாற்றுப் பலகைகள், கிறிஸ்தவக் கோயில்கள், கல்லறைகள் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

*சாலையோரப் பலகைகள் சில இடங்களில் கிரானைட் கல்லாகவும், சில இடங்களில் அலுமினியத் தகடாகவும் இருக்கின்றனவே, ஏன்? — ஹூஸ்டன் வாசகி*

காலம்தான் வித்தியாசம். டெக்சாஸ் தனிநாடாகி நூறாண்டு நிறைந்ததை 1936-இல் மாநிலமே கொண்டாடியது. கிரானைட் கற்கள் அப்போது நட்டவை. வெண்கலத்தில் நட்சத்திரமும் வளையமும் பதித்திருக்கும். அலுமினிய வார்ப்புப் பலகைகள் 1962-இல் தொடங்கிய திட்டத்தைச் சேர்ந்தவை. இன்று டெக்சாஸ் வரலாற்று ஆணையம் அதை நடத்துகிறது. பெரிய பலகை 27-க்கு 42 அங்குலம், நடுத்தரப் பலகை 18-க்கு 28 அங்குலம்.

பொருளைவிட, அலுமினியப் பலகையின் கடைசி வரியைப் பாருங்கள். அடைப்புக்குறிக்குள் ஓர் ஆண்டு இருக்கும். அது சம்பவம் நடந்த ஆண்டு அல்ல, பலகை வைத்த ஆண்டு. ‘ரெகார்டட் டெக்சாஸ் ஹிஸ்டாரிக் லேண்ட்மார்க்’ (பதிவுபெற்ற டெக்சாஸ் வரலாற்றுச் சின்னம்) என்ற வரியும் சேர்ந்திருந்தால் அந்தக் கட்டடத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு: வெளிப்புறத்தை மாற்ற நினைக்கும் உரிமையாளர் 60 நாள் முன்பே ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த வரி இல்லாதது வெறும் தகவல் பலகை. அதற்குப் பின்னால் நிற்கும் வீட்டை நாளையே இடித்தாலும் பலகை தடுக்காது. பலகை இருக்கிறது, ஆகவே கட்டடம் பத்திரம் என்று பலர் நம்பி ஏமாறுவது இங்கேதான்.

*மான்யுமென்ட் ஹில்லில் யாரைப் புதைத்திருக்கிறார்கள்? சலாடோவில் இறந்தவர்கள் என்கிறார்கள், மியரில் பிடிபட்டவர்கள் என்றும் சொல்கிறார்கள். — ஆஸ்டின் வாசகர்*

இரண்டும் சரி. குழப்பத்துக்குக் காரணம், சலாடோ என்ற பெயரில் இரண்டு இடங்கள் இருப்பது. முதலாவது சான் அன்டோனியோ அருகேயுள்ள சலாடோ ஓடை. 1842 செப்டம்பர் 18 அன்று, லா கிரேஞ்சிலிருந்து கேப்டன் நிக்கலஸ் டாசன் தலைமையில் டெக்சாஸ் படைக்கு உதவிக்குப் போன சிறு படையை மெக்சிகோப் படை அங்கே வளைத்துக்கொண்டது. 36 பேர் மாண்டார்கள்.

இரண்டாவது, மெக்சிகோவுக்கு உள்ளே இருக்கும் சலாடோ பண்ணை. அதே ஆண்டு டிசம்பரில் மெக்சிகோவின் மியர் நகரத்தைத் தாக்கிப் பிடிபட்ட டெக்சாஸ்காரர்கள் வழியில் தப்பி ஓடி, மீண்டும் சிக்கினார்கள். பத்தில் ஒருவரைச் சுடும்படி மெக்சிகோ அதிபர் சாண்டா அன்னா உத்தரவிட்டார். 1843 மார்ச் 25 அன்று ஒரு பானையில் 159 வெள்ளை அவரையும் 17 கறுப்பு அவரையும் போட்டு, 176 பேரும் ஆளுக்கொன்று எடுத்தார்கள். கறுப்பு வந்த 17 பேரையும் அன்றே சுட்டார்கள்.

இரு இடங்களிலிருந்தும் எலும்புகளை எடுத்துவந்து, 1848 செப்டம்பர் 18 அன்று, டாசன் படை அழிந்த ஆறாம் ஆண்டு நாளில், லா கிரேஞ்ச் அருகே ஆற்றைப் பார்த்த, இன்று மான்யுமென்ட் ஹில் எனப்படும் செங்குத்தான குன்றின் மேல் ஒரே கல்லறையில் வைத்தார்கள். பக்கத்தில் நிற்கும் 48 அடி உயரத் தூண் 1936-இல் எழுப்பியது. குன்றின் நிலத்தை 1849-இல் வாங்கியவர் ஹைன்ரிக் க்ரைஷே என்ற ஜெர்மானியக் கல்தச்சர். அவர் கட்டிய பீர் ஆலையின் இடிபாடும் வீடும் அதே வளாகத்தில் உள்ளன. தூணை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். சரிவையும் ஊற்று நீரையும் பயன்படுத்தி அவர் ஆலையைக் கட்டிய விதம் இந்தக் கவுண்டியின் நல்ல கல்வேலைகளில் ஒன்று.

*ஷூலன்பர்க் பக்கத்து ‘பெயின்டட் சர்ச்’களை (உள்ளே வண்ண ஓவியம் தீட்டிய கோயில்களை) ஒரே நாளில் பார்க்க முடியுமா? எதைக் கவனிக்க வேண்டும்? — கேட்டி வாசகி*

முடியும். ஷூலன்பர்க் I-10 நெடுஞ்சாலை மேலேயே இருக்கிறது. ஹை ஹில், டுபினா, அம்மான்ஸ்வில் மூன்றும் அதற்கு வடக்கே. டுபினாவையும் அம்மான்ஸ்வில்லையும் FM 1383 சாலை இணைக்கிறது. ப்ராஹா மட்டும் மேற்கே, ஃப்ளட்டோனியா பக்கம். எல்லாமே வழிபாடு நடக்கும் கத்தோலிக்கக் கோயில்கள். ஞாயிறு காலையிலும், திருமணம், இறுதிச் சடங்கு நேரங்களிலும் சுற்றிப் பார்க்கப் போகாதீர்கள். வழிகாட்டியோடு போக விரும்பினால் ஷூலன்பர்க் வர்த்தக சபையில் முன்பதிவு செய்யலாம்.

வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கிராமக் கோயில்தான். உள்ளே போனதும் தூணைக் கிட்டத்தில் பாருங்கள். சலவைக்கல் போலத் தெரிவது மரம். கல்லின் நரம்போட்டத்தைத் தூரிகையால் இழுத்திருக்கிறார்கள். கூரை விளிம்பில் ஒரே பூ மீண்டும் மீண்டும் வந்தால் அது அச்சுத்தகடு வைத்து அடித்தது. இதழுக்கு இதழ் சற்றே மாறினால் கையால் வரைந்தது.

நேரம் குறைவென்றால் எங்கள் ஓட்டு டுபினாவுக்கு. 1856-இல் செக் குடும்பங்கள் அமைத்த ஊர். பழைய கோயில் 1909 புயலில் விழுந்தது. இன்றுள்ளது அதன் பிறகு கட்டியது. இடையில் ஓவியங்களின் மேல் வெள்ளையடித்துவிட்டார்கள். 1980-களில் ஊர்க்காரர்களே அவற்றை மீட்டு வரைந்தார்கள். கோபுரத்து இரும்புச் சிலுவை டாம் லீ என்ற கொல்லர் அடித்தது. அவர் அடிமைத்தளையிலிருந்து விடுதலையானவர். புயலில் விழுந்த கோயிலின் சிலுவையே புதிய கோயிலிலும் ஏறியது.

*பலகையில் ஒன்று இருக்கிறது, ஊர்ப் பெரியவர்கள் வேறொன்று சொல்கிறார்கள். எதை நம்புவது? — டாலஸ் வாசகர்*

இரண்டையும் அப்படியே நம்ப வேண்டாம். பலகை என்பது ஒரு குறிப்பிட்ட ஆண்டில், ஒரு குறிப்பிட்ட குழு திரட்டிய சான்றுகளின் சுருக்கம். 1960-களின் முதல் பாதி அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டுக் காலம். அப்போது வைத்த போர்ப் பலகைகள் பெரும்பாலும் கூட்டமைப்புப் படையின், அதாவது பிரிந்துபோன தென்மாநிலங்களின், பக்கம் நின்று பேசுபவை. அதை மட்டும் வாசித்தால் கவுண்டி முழுக்க ஒரே மனதாக இருந்தது போலத் தோன்றும். ஆனால் 1861 வாக்கெடுப்பில் ஃபேயெட் கவுண்டி, குறைந்த வித்தியாசத்தில் என்றாலும், பிரிவினைக்கு எதிராகவே வாக்களித்தது.

சரிபார்க்கும் முறை இது. ஆணையத்தின் இணைய அட்லஸில் பலகையின் பெயரைத் தேடினால் முழு வாசகம், வைத்த ஆண்டு, அட்லஸ் எண் மூன்றும் வரும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு பலகைக்கான விண்ணப்பக் கோப்பைத் தேடுங்கள். இந்தக் கோப்புகளில் பல ‘போர்ட்டல் டு டெக்சாஸ் ஹிஸ்டரி’ தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பலகையில் நூறு சொல் இருந்தால் கோப்பில் பல பக்கம் இருக்கும். எந்தப் பத்திரம், எந்தச் செய்தித்தாள், யாருடைய நினைவு என்று அதில் தெரியும். மூலம் வெறும் ‘குடும்ப நினைவு’ என்றால் தேதியைப் பென்சிலால் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். பிழைக்கு உறுதியான ஆவணம் கிடைத்தால், நகலோடு ஆணையத்துக்கு எழுதலாம். வாசகத்தை மறுபரிசீலனை செய்ய வழி உண்டு.

*விடுதலையான கறுப்பின மக்கள் அமைத்த ஊர் ஒன்றின் பள்ளிக்கூடத்துக்குப் பலகை வாங்க நண்பர்கள் முயல்கிறார்கள். எங்கே தொடங்குவது? — ஆஸ்டின் வாசகி*

கவுண்டி வரலாற்றுக் குழுவில் தொடங்குங்கள். 254 கவுண்டிகளுக்கும் இப்படி ஒரு குழுவுக்குச் சட்டத்தில் இடம் உண்டு. விண்ணப்பம் அந்தக் குழு வழியாகத்தான் ஆணையத்துக்குப் போகும். நேரே அனுப்பினால் ஏற்க மாட்டார்கள். ஆண்டுக்கு ஒருமுறைதான் விண்ணப்பக் காலம் திறக்கும், அந்தத் தேதிகள் மாறியும் இருக்கின்றன. ஆகவே குழுவிடம் கேட்டுக்கொண்டு, திறப்பதற்கு ஆறு மாதம் முன்பே ஆவணம் திரட்டத் தொடங்குவது நல்லது.

பொதுவான விதி, விஷயம் 50 ஆண்டு பழையதாக இருக்க வேண்டும். தனிமனிதர் என்றால் இறந்து 10 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். கட்டுரையைச் சூழல், விவரம், முக்கியத்துவம், ஆவணங்கள் என நான்கு பகுதிகளாக எழுத வேண்டும்; ஒவ்வொரு தகவலுக்கும் அடிக்குறிப்பு தேவை. பலகை நிற்கப்போகும் நிலத்தின் உரிமையாளர் கையெழுத்திட்ட அனுமதி வேண்டும். சாலையோரம் என்றால் நெடுஞ்சாலைத் துறையின் ஒப்புதலும் வேண்டும். தேர்வானால் வாசகத்தை ஆணையத்தார் எழுதி, சரிபார்க்க அனுப்புவார்கள். பெரிய பலகைக்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். ஆனால் உங்கள் நண்பர்களுடையது போன்ற, இதுவரை சொல்லப்படாத வரலாறுகளுக்கு ‘அண்டர்டோல்ட்’ என்ற தனிப் பிரிவு இருக்கிறது. அதில் தேர்வானால் செலவை ஆணையமே ஏற்கும்.

விண்ணப்பங்கள் தடுக்கி விழுவது ஆவணத்தில்தான். 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமைப் பட்டியலில் உரிமையாளர் பெயர் இருக்கும். அடிமைப்பட்டவரின் வயது, பால், நிறம் போன்றவை மட்டும் இருக்கும், பெயர் பொதுவாக இருக்காது. விடுதலையானவர்கள் குடும்பம் குடும்பமாகப் பெயரோடு பதிவானது 1870 கணக்கெடுப்பில். அதற்கும் முன்னதாக 1867 வாக்காளர் பதிவேடு உண்டு: ஆண்களின் பெயரோடு, மாநிலத்திலும் கவுண்டியிலும் எத்தனை ஆண்டாக இருக்கிறார்கள் என்பதும் அதில் இருக்கும். 1890 கணக்கெடுப்பின் பெரும்பகுதி 1921 தீ விபத்தால் அழிந்துபோனது. 1880-க்கும் 1900-க்கும் நடுவிலுள்ள அந்த இருபதாண்டு இடைவெளியை வரிப் பட்டியல், நிலப் பத்திரம், சபைப் பதிவேடு கொண்டுதான் நிரப்ப வேண்டும். பள்ளிக்கு நிலம் எழுதிக்கொடுத்த பத்திரத்தைக் கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் முதலில் தேடுங்கள். அறங்காவலர்கள் பெயரில் இருக்கும், பள்ளியின் பெயரில் இருக்காது.

*பழைய கல்லறைக் கற்களில் பாசி. பிளீச் போட்டுக் கழுவலாமா? — ஷுகர்லேண்ட் வாசகர்*

கூடவே கூடாது. பிளீச்சின் உப்பு சலவைக்கல்லின் துளைகளில் தங்கிப் படிகமாகும். சில ஆண்டுகளில் மேற்பரப்பு சர்க்கரை போல உதிரும். கம்பி பிரஷ், பிரஷர் வாஷர் இரண்டும் எழுத்தையே தின்றுவிடும்.

முதலில் கல்லறையின் பொறுப்பாளரிடம் அனுமதி. பிறகு கல்லை விரல் முட்டியால் மெல்லத் தட்டுங்கள். உள்ளே வெற்றிடம் போலச் சத்தம் கேட்டாலோ, தொட்டதும் மணல் உதிர்ந்தாலோ அந்தக் கல்லை விட்டுவிடுங்கள். நல்ல கல் என்றால் சுத்தமான தண்ணீரால் முழுக்க நனைத்து, மென்மையான நைலான் பிரஷால் கீழிருந்து மேலாகத் தேய்த்து, அவ்வப்போது கழுவுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்கு நீர் காய்ந்த பகுதியில் வழிந்து கறையாகும். அதற்கும் போகாத பாசிக்கு டி/2 என்ற திரவத்தைத் தெளித்து 10–15 நிமிடம் விட்டுத் தேய்த்துக் கழுவலாம். மிச்சக் கறை சில வாரங்களில் தானாக வெளுக்கும். உறைபனி நாட்களில் இந்த வேலையே வேண்டாம்.

எழுத்து படிக்க மட்டும் வேண்டுமென்றால் சாக்பீஸ், மாவு, ஷேவிங் கிரீம் எதுவும் தேவையில்லை. ஒரு கண்ணாடியைப் பக்கவாட்டில் பிடித்து வெயிலைக் கல்லின் மேல் சாய்வாக விழச் செய்தால், தேய்ந்த எழுத்தும் நிழலோடு எழும்பும். செக் மொழியில் ‘நரோஸென்’ அல்லது ஜெர்மனில் ‘கெபோரென்’ என்றிருந்தால் அது பிறந்த தேதி.

*மங்கிய அலுமினியப் பலகைக்கு நாங்களே பெயின்ட் அடிக்கலாமா? — ஹூஸ்டன் வாசகர்*

பலகை மாநிலத்தின் சொத்து. கவுண்டி வரலாற்றுக் குழுவிடம் சொல்லுங்கள். பல குழுக்கள் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. வழக்கமாகக் கெடுவது எழுத்தில். மொத்தப் பலகைக்கும் பின்னணி நிறம் அடித்துவிட்டு, புடைத்த எழுத்தின் முகத்தை மட்டும் தட்டையான கட்டையில் சுற்றிய மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து வெள்ளியாக்க வேண்டும். வெறும் விரலால் தாளை அழுத்தினால் பள்ளத்துப் பெயின்டும் சேர்ந்து போகும்.

*1840-களின் நிலப் பத்திரத்தில் ‘வாரா’ என்று வருகிறதே? — சான் அன்டோனியோ வாசகி*

ஸ்பானிய நீள அளவு. டெக்சாஸில் 1 வாரா = 33⅓ அங்குலம். ஏறக்குறைய 1,900 வாரா ஒரு மைல். ‘லீக்’ என்றால் சுமார் 4,428 ஏக்கர்; ‘லபோர்’ சுமார் 177 ஏக்கர்.

*தனியார் பண்ணைக்குள் இருக்கும் குடும்பக் கல்லறைக்குப் போக உரிமை உண்டா? — ஆஸ்டின் வாசகர்*

பொதுவழி இல்லாத கல்லறைக்கு நியாயமான நேரத்தில், நியாயமான வழியில் போய்வரும் உரிமையை டெக்சாஸ் சட்டம் தருகிறது. அதற்காக வேலி தாண்டாதீர்கள். உரிமையாளரிடம் நாளும் வழியும் பேசிக்கொண்டு போங்கள். மரத்திலோ வேலிக் கம்பத்திலோ, தரையிலிருந்து 3 முதல் 5 அடி உயரத்தில், செங்குத்தான ஊதாக் கோடு தெரிந்தால் அதற்கு ‘உள்ளே வராதே’ என்ற பலகைக்கு உள்ள அதே சட்ட மதிப்பு. புல் தாழ்ந்து, பாம்பு நடமாட்டமும் குறைந்திருக்கும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தேடுவதற்கு நல்ல காலம். ஆனால் ஜனவரி வரை மான் வேட்டைப் பருவமும் நடக்கும். ஆரஞ்சு மேலங்கி அணியுங்கள். திறந்திருந்த கேட்டைத் திறந்தபடியும், மூடியிருந்ததை மூடியும் விட்டு வாருங்கள்.