அக்கா இருந்த சொராரிட்டியில் தங்கைக்கு இடம் உறுதியா?

கேள்வி: என் மூத்த மகள் டெக்சாஸில் படித்தபோது ஒரு சொராரிட்டியில், அதாவது மாணவிகள் மட்டும் சேரும் கல்லூரிச் சங்கத்தில், உறுப்பினராக இருந்தாள். இளையவள் இந்த ஆகஸ்டில் அலபாமா பல்கலைக்கழகத்தில் சேர்கிறாள், புது உறுப்பினர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் ரஷ்ஷுக்கும் பதிவு செய்துவிட்டாள். அக்காவுடைய சொராரிட்டியின் கிளை அங்கேயும் இருக்கிறது. "நீ லெகசி, உன்னை விடமாட்டார்கள், கடைசியில் அந்த ஒரு பெயரை மட்டும் எழுதிக் கொடு" என்கிறாள் பெரியவள். சின்னவளுக்கு அரை மனசு. நானும் என் கணவரும் இந்தியாவில் படித்தவர்கள், எங்களுக்கு இதில் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. என்ன சொல்லி அனுப்புவது?
– ஒரு தாய், டல்லாஸ்

பதில்: முதலில் அந்த "விடமாட்டார்கள்". பெரியவள் சேர்ந்த காலத்தில் அது ஓரளவு உண்மையாக இருந்திருக்கலாம், இப்போது அதை நம்பி இறங்காதீர்கள். அம்மா, அக்கா, பாட்டி என்று யாராவது அதே சொராரிட்டியில் இனிஷியேஷன் என்கிற சேர்ப்புச் சடங்கை முடித்த உறுப்பினராக இருந்தால் அந்தப் பெண் லெகசி. அத்தை, சித்தி கணக்கில் வருவார்களா என்பது அமைப்புக்கு அமைப்பு மாறும். முன்பு பல அமைப்புகளில் இதற்கு எழுதிவைத்த சலுகையே இருந்தது: லெகசிப் பெண்ணை முதல் சுற்றோடு அனுப்பிவிடக் கூடாது, ஒருமுறையாவது திரும்ப அழைக்க வேண்டும், ப்ரெஃபரன்ஸ் என்கிற கடைசிச் சுற்று வரை அவள் வந்துவிட்டால் பிட், அதாவது சேரச் சொல்லும் அழைப்பு, யாருக்கு என்ற பட்டியலில் அவள் பெயர் மேலே ஏறிவிடும்.

2020-இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ்காரரால் கொல்லப்பட்ட பிறகு, இந்த அமைப்புகளையே கலைத்துவிடுங்கள் என்று பல வளாகங்களில் மாணவர்கள் குரல் எழுப்பினார்கள். அதை ஒட்டித்தான் பல தேசிய சொராரிட்டிகள் இந்தச் சலுகையைக் கைவிட்டன. தலைமுறை தலைமுறையாக வெள்ளையர் குடும்பங்களே இருந்த இடத்தில் உறவுக்கு முன்னுரிமை கொடுத்தால் வேறு யார் உள்ளே வர முடியும்? உங்கள் மகள் போகிற அலபாமாவிலேயே, எல்லாத் தகுதியும் இருந்த ஒரு கறுப்பின மாணவிக்கு சொராரிட்டிகள் இடம் தரவில்லை என்று 2013-இல் மாணவர் பத்திரிகையான கிரிம்சன் ஒயிட் எழுதி, அது நாடு முழுக்கப் பேச்சானது. மாணவிகள் எடுக்க நினைத்தும் பழைய உறுப்பினர்கள் குறுக்கே நின்றார்கள் என்பதுதான் அந்தச் செய்தியின் சாரம்.

எல்லா அமைப்பும் ஒரே மாதிரி மாறிவிடவில்லை. நேஷனல் பான்ஹெலனிக் கான்ஃபரன்ஸ் குடையின் கீழ் 26 சொராரிட்டிகள் இருக்கின்றன, லெகசி விஷயத்தில் ஒவ்வொன்றும் தன் விதியைத் தானே வைத்துக்கொள்கிறது. உங்கள் பெரியவளுடையது எது என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் அதன் தேசிய இணையதளத்தில் இன்றைய விதி என்ன என்று அவளையே பார்க்கச் சொல்லுங்கள். லெகசி பற்றித் தெரிவிக்க ஒரு படிவம் இருந்தால் நிரப்பட்டும், நஷ்டமில்லை. ஆனால் அது ஒரு அறிமுகம், அவ்வளவுதான். மார்க் குறைந்தபட்சத்துக்குக் கீழே இருந்தால் லெகசி என்பது காப்பாற்றாது, அக்கா யாருக்கோ போன் போட்டும் ஆகப்போவது ஒன்றுமில்லை.

எண்ணிக்கை என்று ஒன்றும் இருக்கிறது. அலபாமாவில் சமீப வருடங்களில் 2,500-க்கும் மேற்பட்ட பெண்கள் ரஷ்ஷுக்கு வருகிறார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கிளை எத்தனை பேரை அழைக்கலாம் என்பதை ஆர்.எஃப்.எம். என்கிற கணக்கு முறை சொல்கிறது. முந்தைய வருடங்களில் அழைத்தவர்களில் எத்தனை பேர் அந்தக் கிளைக்குத் திரும்ப வந்தார்கள் என்பதை வைத்து அது போடப்படுகிறது. எல்லோரும் விரும்பும் கிளை முதல் சுற்றிலேயே நிறையப் பேரை விட்டுவிட வேண்டியிருக்கும், அந்த நிறையப் பேரில் லெகசிகளும் இருப்பார்கள். ஒரு கிளை நூறு பேரைத்தான் எடுக்கலாம், லெகசிகளே நூற்றைம்பது பேர் வந்து நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், என்ன செய்வார்கள்? ஆகவே முதல் சுற்றிலேயே அக்காவின் கிளை அழைக்காமல் விட்டால் சின்னவள் அதைத் தன் மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இதை ஆகஸ்டில் பல்கலைக்கழகம் இருக்கும் டஸ்கலூசாவில் அழுதுகொண்டு நிற்கும்போது சொல்வதைவிட ஜூலையிலேயே சொல்லிவைப்பது மேல்.

சரி, அழைத்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அதைத்தான் எடுக்க வேண்டுமா? அவசியமில்லை என்பதுதான் என் கருத்து. பெயர் ஒன்றாக இருந்தாலும் டெக்சாஸ் கிளை வேறு, அலபாமா கிளை வேறு. ஒரு வளாகத்தில் நாற்பது பேர் சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் அமைதியான வீடாக இருப்பது இன்னொன்றில் நானூறு பேர் கொண்ட மாளிகையாக இருக்கும். அக்கா சொல்கிற அருமையான கதைகளில் வரும் தோழிகள் யாரும் அங்கே இருக்கப் போவதில்லை. ஆரம்பச் சுற்றுகளில் கதவு திறந்ததும் பாட்டும் கைதட்டலுமாகக் கிளையின் மாணவிகள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பார்கள், ஒருத்தி கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போவாள், நாலு வார்த்தை பேசுவதற்குள் அடுத்தவள் வந்து அவளை நகர்த்திவிட்டுப் பேச ஆரம்பிப்பாள். அந்த இரைச்சலில் எல்லா வீடும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வெளியே வந்ததும், யாரிடம் என்ன பேசினேன், பேச்சு தானாக ஓடியதா, இழுத்துப் பிடித்து ஓட்ட வேண்டியிருந்ததா என்று போனில் இரண்டு வரி குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அக்காவின் பேரைச் சொன்னதும் எல்லாப் பேச்சும் அக்காவைப் பற்றியே சுற்றியதா, அதையும் குறிக்கட்டும். அவர்களுக்கு ஆர்வம் இவள் மீதா, அக்கா மீதா என்பதை அது காட்டிவிடும்.

அடுத்தது அந்த ஒற்றைப் பெயர் யோசனை. உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது இதுதான். ப்ரெஃபரன்ஸ் சுற்றில் பெரும்பாலான வளாகங்களில் இரண்டு வீடுகள் வரைதான் போக முடியும். மெழுகுவர்த்தி, மெல்லிய பாட்டு, ஒருத்தி எதிரே உட்கார்ந்து கண்ணில் நீர் முட்டப் பேசுவது என்று மனதை உருக்கும் சுற்று அது. அது முடிந்த சூட்டோடு எம்.ஆர்.ஏ.பி.ஏ. என்கிற ஒப்பந்தத்தில் விருப்ப வரிசையைக் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும், பிறகு மாற்ற முடியாது. இரண்டு வீடுகளுக்குப் போய்விட்டு ஒன்றை மட்டும் எழுதினால், அந்த வீட்டின் பட்டியலில் அவள் பெயர் கொஞ்சம் கீழே இருந்தால்கூட பிட் கிடைக்காமல் போகலாம். வந்த அழைப்புகளை ஏற்று, போன வீடுகள் எல்லாவற்றையும் எழுதியவளுக்குத்தான் ஒரு கிளை எடுக்கலாம் என்கிற எண்ணிக்கையான கோட்டாவுக்கு மேலே ஓரிடம் கூட்டியாவது இடம் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. ஒற்றைப் பெயர் எழுதியவளுக்கு அது கிடையாது.

மறுபக்கமும் உண்டு. எழுதிய வீட்டிலிருந்து பிட் வந்து அதை வேண்டாம் என்று சொன்னால், அந்த வளாகத்தில் அந்த 26-இல் வேறு எதிலும் அடுத்த பெரிய ரெக்ரூட்மென்ட், அதாவது அடுத்த ரஷ், வரை சேர முடியாது. எனவே, "இதில் சேர்வதைவிடச் சேராமலே இருப்பேன்" என்று அவள் உறுதியாக நினைக்கிற வீட்டை மட்டும் விட்டுவிடலாம். மற்றபடி இரண்டையும் எழுதட்டும், எது முதலில் என்பதை அவளே முடிவு செய்யட்டும். குழப்பமாக இருந்தால் ரோ காமா போன்ற பெயர்களில் ரெக்ரூட்மென்ட் கவுன்சிலர்கள் இருப்பார்கள். தங்கள் சொந்த சொராரிட்டியிலிருந்து அந்தக் காலத்துக்கு ஒதுங்கி நிற்கும் சீனியர் மாணவிகள் அவர்கள். அக்காவைவிட அவர்களிடம் கேட்பது உத்தமம், அவர்களுக்கு இதில் பங்கு எதுவும் இல்லை.

பெரியவளிடம் நீங்கள் பேச வேண்டும், சின்னவளைப் பேச விடாதீர்கள். பல அமைப்புகளில் இனிஷியேஷனன்று உறவினரான பழைய உறுப்பினர் வந்து தன் கையால் பேட்ஜ் குத்திவிடும் வழக்கம் உண்டு. பெரியவள் மனதில் அந்தக் காட்சி ஓடிக்கொண்டிருக்கலாம், ஆசைதானே, தப்பில்லை. "அவள் எங்கே போனாலும் பிட் கைக்கு வரும் பிட் டே அன்றைக்கு முதல் போன் உன்னுடையதாக இருக்கட்டும், ரஷ் வாரத்தில் மட்டும் எதையும் சொல்லாதே" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

செலவையும் இப்போதே பேசிவிடுங்கள். அலபாமா மாதிரி பெரிய தென்மாநில வளாகங்களில் சாப்பாட்டுச் செலவும் சேர்த்து ஒரு செமஸ்டருக்கே சில ஆயிரம் டாலர் ஆகலாம். முதல் வருடம் கூடுதல் கட்டணங்கள் இருக்கும், சில கிளைகளில் இரண்டாம் வருடம் அந்த வீட்டிலேயே தங்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. ரெக்ரூட்மென்டின்போது கிளைகள் கட்டணத்தைச் சொல்லியாக வேண்டும், கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

இன்னொன்று. பிட்டை ஏற்றுக்கொண்ட உடனே எல்லாம் முடிந்துவிடுவதில்லை, இனிஷியேஷன் வரை புது உறுப்பினர் காலம் என்று சில வாரங்கள் இருக்கும். ஒத்துவரவில்லை என்றால் அதற்குள் விலகிவிட வேண்டும். அப்போது அடுத்த வருடம் வேறு வீட்டுக்கு முயலும் வழி திறந்திருக்கும். இனிஷியேஷன் முடிந்துவிட்டால் அந்த 26-இல் வேறு எதிலும் ஆயுசுக்கும் சேர முடியாது.