வீட்டுக்குப் பூச்சி மருந்து அடிக்கிற அன்று வண்ணமீன்களை என்ன செய்வது?

கேள்வி: ஐயா, வணக்கம். கே.வி.குப்பம் பக்கத்தில் எங்கள் வீடு. ஒன்றரை ஏக்கர் மல்லாட்டையோடு (நிலக்கடலை) வண்ணமீனும் வளர்க்கிறோம். முன்னறையில் 14 கண்ணாடித் தொட்டிகளில் கப்பி, மோலி, கோல்டு பிஷ் இருக்கின்றன. பைட்டர் மீன் 40 பாட்டில். வீட்டுக்குப் பின்னால் பச்சை வலைக்குக் கீழே 3 சிமென்ட் தொட்டிகள். வாராவாரம் காட்பாடி, வேலூர் கடைகளுக்குக் கொடுக்கிறேன். இப்போது நிலைக்கட்டையில் கரையான் ஏறிவிட்டது, சமையலறை முழுக்கக் கரப்பான். சனிக்கிழமை மருந்து அடிக்க ஆள் வருகிறார். “வாசனையே வராத மருந்து, கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கே அடிக்கிறோம், தொட்டி மேல் பெட்ஷீட்டைப் போர்த்திவிடுங்கள், போதும்” என்கிறார். போதுமா? காற்று மோட்டாரை எவ்வளவு நேரம் நிறுத்தலாம்? மறுபடி எப்போது கடைக்கு மீன் கொடுக்கலாம்?

பதில்: போதாது, அம்மா. சனிக்கிழமைக்கு முன்னால் கேட்டீர்களே, அதுவே பெரிய நிம்மதி. எனக்கு வருகிற கேள்விகளில் பாதி, மீன் மல்லாந்த பிறகு வருகிறவை.

அந்த ஆள் பொய் சொல்லவில்லை. மனிதருக்குப் பொருந்துவதை மீனுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார். வீடுகளில் இன்று அதிகம் அடிக்கப்படுவது சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், பைஃபென்த்ரின் வகை மருந்துகள். பெயரின் வால் ‘த்ரின்’ என்று முடிந்தால் மீனுக்கு எமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் உடம்புக்குள் போனால் ஈரல் அதைச் சீக்கிரம் உடைத்து வெளியே தள்ளிவிடும். மீனுக்கு அந்த வேகம் கிடையாது. அதோடு, இந்த மருந்து எண்ணெய்த் தன்மை உள்ளது, தண்ணீரில் நிற்பதைவிடச் செவுளில் ஏறுவதற்குத்தான் துடிக்கும். ஏறியதும் நரம்பைப் பிடித்து உதறவைக்கும்.

எவ்வளவு போனால் ஆபத்து என்பதை ஒரு கணக்கில் சொல்கிறேன். லிட்டருக்கு ஒன்றிரண்டு மைக்ரோகிராம் சைபர்மெத்ரின் பல மீன்களுக்குச் சாவு அளவு. உங்கள் தொட்டி ஒன்றில் 100 லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்று வையுங்கள். லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் என்றால் மொத்தம் 0.1 மில்லிகிராம். சுவரில் அடிக்கக் கலக்கும் கரைசல் 0.1 சதவீதம் என்றால் ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம் மருந்து இருக்கும். ஆக, தொட்டிக்குத் தேவைப்படுவது மில்லியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது இரண்டு சொட்டு. ஸ்பிரே முனையிலிருந்து இரண்டு சொட்டு சிதறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

டப்பாவில் இருக்கும் முக்கோணத்தின் நிறத்தைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை எல்லாம் மனிதருக்கும் ஆடுமாட்டுக்கும் எவ்வளவு விஷம் என்று காட்டுவதற்கு. மீனுக்கு என்ன ஆகும் என்பதை அந்த நிறம் சொல்லாது. ‘மூலிகை மருந்து’ என்றாலும் கேட்டுக்கொள்ளுங்கள். பைரித்ரம் சாமந்தி இனத்துப் பூவிலிருந்து எடுப்பதுதான், அதுவும் மீனைக் கொல்லும்.

இனி பெட்ஷீட். துணி சாரலைத் தாங்கி வைத்துக்கொள்ளும். நீங்கள் மறுநாள் அதை உதறி எடுக்கும்போது மொத்தமும் தண்ணீரில் விழும். ஆனால் அதையும்விடப் பெரிய வாசல் ஒன்று இருக்கிறது, அதை யாரும் மூடுவதில்லை. உங்கள் காற்று மோட்டார்தான் அது. சின்ன மோட்டார்கூட நிமிடத்துக்கு இரண்டு மூன்று லிட்டர் காற்றை அறையிலிருந்து இழுத்து, ஏர் ஸ்டோன் வழியாகப் பொடிப்பொடிக் குமிழியாகத் தண்ணீருக்குள் கலக்கிவிடுகிறது. மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும், மருந்து மிதக்கிற காற்றைக் கீழே நாமே ஊதிக்கொண்டிருக்கிறோம். 4 மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 500 முதல் 700 லிட்டர் காற்று.

ஆகவே முதல் வேலை, மருந்தையே மாற்றச் சொல்வது. கரப்பானுக்கு ஸ்பிரே வேண்டவே வேண்டாம். ஃபிப்ரோனில் அல்லது இமிடாகுளோப்ரிட் கலந்த ஜெல் இருக்கிறது, ஊசிக்குழாயில் வரும். அடுப்பு மேடைக்குப் பின்னால், அலமாரிக் கீல் இடுக்கில், சிங்க் அடியில் மிளகு அளவுப் பொட்டாக வைத்தால் போதும், காற்றில் எதுவும் பறக்காது. ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரேயும் சேர்த்து அடித்தால் கரப்பான் அந்தப் பக்கமே தலைகாட்டாது, ஜெல் வீணாகும். “இரண்டும் சேர்த்து அடித்தால் நல்லா கேக்கும்” என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கரையானுக்குத் தரை ஓரம் துளை போட்டு மருந்து ஊற்றுவதுதான் வழி. அதற்குக் குளோர்பைரிபாஸ், பைஃபென்த்ரின், இமிடாகுளோப்ரிட் மூன்றும் புழக்கத்தில் உண்டு. இமிடாகுளோப்ரிட் கேட்டு வாங்குங்கள். மற்ற இரண்டோடு ஒப்பிட்டால் மீனுக்கு அதன் கடுமை மிகமிகக் குறைவு. இறால் வளர்ப்பவர்கள் மட்டும் அதற்கும் பயப்பட வேண்டும். மருந்தின் பெயரை வாயால் சொன்னால் ஏற்காதீர்கள், டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி லேபிளைப் படியுங்கள்.

மூட்டைப்பூச்சிக்கோ எலிக்கோ “மாத்திரை வைத்து அறையை மூடிவிடலாம்” என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அது அலுமினியம் பாஸ்பைடு. அதிலிருந்து கிளம்பும் பாஸ்பீன் வாயு சுவர் இடுக்கு வழியாகப் பக்கத்து அறைக்கும் போகும். உடம்பில் ஏறினால் அதற்கு முறிவு மருந்து கிடையாது. குடியிருக்கிற வீட்டில் அதற்கு இடமே இல்லை. இங்கே மீனைப் பற்றி நான் பேசவில்லை, உங்கள் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறேன்.

மருந்தை மாற்றினாலும் மீனைக் காப்பாற்றும் ஏற்பாட்டை விடக்கூடாது. உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. வீட்டு அலங்காரத்துக்கு ஒரு தொட்டி வைத்திருப்பவர்களுக்கு அது இல்லை. உங்களுக்கு மீன் கட்டத் தெரியும். சென்னை கொளத்தூரிலிருந்து உங்களிடம் வந்த தாய்மீன்கள் எப்படி வந்தன? பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன். அதே வேலையை வெள்ளிக்கிழமை இரவோ சனிக்கிழமை விடியலிலோ செய்யுங்கள். தாய்மீன், விலை கூடிய ரகம், அடுத்த வாரம் கடைக்குப் போக வேண்டியவை எல்லாவற்றையும் பையில் கட்டி, தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி, நாலு வீடு தள்ளி நிழலான அறையில் வைத்துவிடுங்கள். கட்டுவதற்கு முந்தின நாள் முழுக்கத் தீனி போடாதீர்கள். வயிறு காலியாக இருந்தால்தான் பைத் தண்ணீரில் அம்மோனியா ஏறாது. கோடையானால் நம் ஊர் வெயிலுக்குப் பெட்டியைத் திண்ணையில் விடவே கூடாது.

பைட்டர் பாட்டில்களைக் கட்டக்கூடத் தேவையில்லை, இரண்டு பிளாஸ்டிக் கிரேட்டில் தூக்கிவிடலாம். அவற்றை முன்னறையிலேயே மூடி வைக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பைட்டர் தண்ணீருக்கு மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன். அறைக் காற்றில் மருந்து இருந்தால் நேராக அதைத்தான் குடிக்கும், இறுக்கி மூடினால் மூச்சுக்குத் தவிக்கும்.

நகர்த்த முடியாத தொட்டிகளுக்கு இப்படிச் செய்யுங்கள். மோட்டாரை அறையை விட்டு வெளியே எடுத்து, பின்கட்டிலோ மருந்து அடிக்காத அறையிலோ வைத்து, நீளமான டியூபை ஜன்னல் வழியாகக் கொண்டுவாருங்கள். டியூபில் தண்ணீர் திரும்பி ஏறாமல் தடுக்கும் வால்வு ஒன்று போடுங்கள், கரன்ட் போனால் தொட்டித் தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கிவிடும். தொட்டி வாயைத் தடித்த பாலித்தீன் ஷீட்டால் மூடி, விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டி, ஒரே ஒரு மூலையில் விரல் நுழையும் அளவு இடைவெளி விடுங்கள். வெளியிலிருந்து வரும் நல்ல காற்று உள்ளே நிறைந்து அந்த மூலை வழியாகத் தள்ளிக்கொண்டு வெளியேறும். அப்போது சாரல் உள்ளே வர வழி இருக்காது. இந்த ஏற்பாடு இருந்தால் மறுநாள் வரைகூட அப்படியே விடலாம்.

மோட்டாரை நிறுத்துவதுதான் ஒரே வழி என்றால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். 30 டிகிரித் தண்ணீரில் பிராணவாயு முழுக்கக் கரைந்திருந்தாலும் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான் நிற்கும். தண்ணீர் சூடேற ஏற அதுவும் குறையும். உங்களுடையது நெருக்கமாக விட்டிருக்கிற உற்பத்தித் தொட்டி, கோல்டு பிஷ் வேறு அதிகம் மூச்சு வாங்கும். அதனால் தொட்டியில் பாதி மீனைப் பையில் கட்டி எடுத்துவிட்டுப் பிறகு நிறுத்துங்கள். ஸ்பாஞ்ச் பில்டரைத் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள். வெளியே எடுத்துக் காயவைத்தால் அதிலிருக்கும் நல்ல பாக்டீரியா செத்து, ஞாயிற்றுக்கிழமை அம்மோனியாவோடு போராட வேண்டியிருக்கும்.

குடியாத்தம் பக்கம் நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் எல்லாவற்றையும் சரியாகவே செய்திருந்தார்கள். மருந்து அடித்த மறுநாள் ஷீட்டை எடுத்தபோது ஒரு மீன்கூடச் சாகவில்லை. மூன்றாம் நாள் தண்ணீர் மாற்றினார்கள். அரை மணி நேரத்தில் கோல்டு பிஷ் சுற்றிச்சுற்றிச் சுழன்று, செவுளை விரித்துக்கொண்டு, பக்கவாட்டில் சாய்ந்தன. சாயங்காலம் நான் போனபோது அந்த வீட்டுப் பிள்ளை தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். தண்ணீர் மாற்றிய நீல பக்கெட்டைக் காட்டச் சொன்னேன். அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுழற்றினதும் விளிம்போரம் பால் மாதிரி லேசாக வெளுத்தது. மருந்து அடிக்க வந்தவர் அந்த பக்கெட்டில்தான் கரைசல் கலக்கியிருக்கிறார். போகும்போது ஒருமுறை அலசி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். யார்மேல் கோபப்படுவது? அவரிடம் யாரும் சொல்லவில்லை, வீட்டாருக்கும் தெரியவில்லை.

அதனால் வெள்ளிக்கிழமையே மீன் பக்கெட், வலை, சைபன் குழாய், தீனி டப்பா எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுங்கள். மருந்து கலக்க உங்கள் வீட்டுப் பாத்திரம் எதையும் தராதீர்கள். ஒரு வாரத்துக்கு வேண்டிய தண்ணீரை வியாழக்கிழமையே டிரம்மில் பிடித்து, மூடி, பின்னால் வையுங்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் பிடிக்கிறீர்கள் என்றால் குளோரின் போகவும் அந்த நாட்கள் உதவும், எப்போதும் போல குளோரின் நீக்கியும் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, தரையடி சம்ப் எங்கே இருக்கிறது என்று அந்த ஆளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். சம்ப் சுவரை ஒட்டித் துளை போட்டுக் கரையான் மருந்து ஊற்றினால், வெடிப்பு வழியாக அது தண்ணீரில் இறங்கலாம். மீனுக்கு மட்டுமில்லை, நீங்கள் குடிப்பதற்கும் அந்தத் தண்ணீர்தான்.

மருந்து அடித்த பிறகு ஜன்னல் கதவெல்லாம் திறந்து, மின்விசிறி ஓடவிட்டு, சுவரும் தரையும் நன்றாகக் காயும்வரை அறைக்குள் போகாதீர்கள். ஷீட்டை எடுப்பதற்கு முன் தொட்டியின் வெளிக்கண்ணாடியை ஈரத்துணியால் துடையுங்கள். ஷீட்டின் வெளிப்பக்கம் உள்ளே போகும்படி மெதுவாகச் சுருட்டி எடுங்கள், இழுக்கக் கூடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சோப்பு போக நன்றாக அலசிய பிறகுதான் தண்ணீரில் விடுங்கள்.

உடனே எல்லா மீனையும் திருப்பி விட்டுவிடாதீர்கள். தீனிக்கு டாப்னியா என்கிற பொடித் தண்ணீர்ப்பூச்சி வளர்க்கிறீர்களா? அது ‘த்ரின்’ வகை மருந்துக்கு மீனைவிடச் சீக்கிரம் சாகும். ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து, பத்துப் பன்னிரண்டு டாப்னியாவை விட்டு ஒரு நாள் பாருங்கள். துள்ளிக்கொண்டே இருந்தால் அந்தத் தொட்டியில் மீன் விடலாம். அடியில் படுத்துவிட்டால் ஆக்டிவேட்டட் கார்பன் (விஷத்தை உறிஞ்சும் கரி) பையைப் பில்டரில் போட்டு, டிரம் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு மாற்றி, மறுபடி பாருங்கள். டாப்னியா வளர்க்கும் தொட்டியையும் அன்று வீட்டுக்குள் வைக்காதீர்கள், முதலில் போவது அதுதான்.

ஏதாவது தொட்டியில் மீன் விருட்டென்று ஓடி மோதினால், சுழன்றால், மேலே வந்து வாயைப் பிளந்தால் மருந்து ஒன்றும் தேடாதீர்கள். முறிவு மருந்து கிடையாது. அந்த நொடியே டிரம்மில் வைத்திருக்கும் தண்ணீருக்கு மாற்றி, காற்றை அதிகமாக விட்டு, கார்பன் போடுங்கள். லேசாகப் பட்டவை பிழைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். செத்ததைக் கோழிக்கோ பூனைக்கோ போடாமல் புதைத்துவிடுங்கள்.

பின்னால் இருக்கும் சிமென்ட் தொட்டிக்கு, கதவு ஜன்னல் அந்தப் பக்கம் திறந்திருந்தால் அன்று ஒருநாள் தார்ப்பாய் போட்டால் போதும். எனக்கு அங்கே இருக்கிற கவலை வேறு. மல்லாட்டைக்கு லாம்ப்டா சைஹாலோத்ரின் அடித்துவிட்டு வந்து, வீட்டுக்காரர் ஸ்பிரேயரை எங்கே கழுவுகிறார்? அந்தத் தொட்டி ஓரக் குழாயடியில் என்றால் இன்றே இடத்தை மாற்றச் சொல்லுங்கள். முன்னறையில் இரவு கொசு மருந்து மெஷின் ஓடுகிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலும் டிரான்ஸ்புளூத்ரின்தான் அதில் இருக்கிறது, வால் எப்படி முடிகிறது பாருங்கள். மீன் இருக்கும் அறைக்குக் கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள்.

கடைக்கு எப்போது என்று கேட்டீர்கள். டாப்னியா துள்ளி, மீன் திரும்ப வந்து, வழக்கம் போல ஒரு வாரம் தீனி எடுத்த பிறகு கொடுங்கள். வருகிற வாரத்து ஆர்டரை வெள்ளிக்கிழமையே அனுப்ப முடிந்தால் அனுப்பிவிடுங்கள், பையில் கட்டும் மீனும் அந்த அளவுக்குக் குறையும்.