அட்வெஞ்சர் பைக்கின் அருமை கடைசி நூறு கிலோமீட்டரில் தெரியும்

கேள்வி இதுதான்: "150 சிசி பைக்கில் சென்னையிலிருந்து ஊருக்குப் போய்வருகிறேன். திருச்சி தாண்டினாலே முதுகும் மணிக்கட்டும் பிடித்துக்கொள்கின்றன. அட்வெஞ்சர் பைக்குக்கு மாறினால் இது தீருமா? புதிதாக வாங்கி நெடுந்தூரம் ஓட்டியவர்கள் முதல் அனுபவத்தைச் சொல்லுங்கள்."

பெரும்பகுதி தீரும். எனக்குத் தீர்ந்தது. நானும் பல வருடம் 150 சிசி பைக்கில் இதே சாலையில் போய்வந்தவன்தான். இப்போது ஓட்டுவது ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450. நெடுந்தூரத்துக்கும் கல், மண் பாதைக்கும் ஏற்றபடி உயரமாகச் செய்யப்பட்ட அட்வெஞ்சர் வகை. முதல் சர்வீஸ் முடிந்த கையோடு சென்னையிலிருந்து நாகர்கோவில் போய், திரும்பும் வழியில் தேனி மாவட்டத்து மேகமலையும் ஏறிவிட்டு வந்தேன். அந்தப் பயணத்தை வைத்துச் சொல்கிறேன்.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாக: 2023 நவம்பரில் வந்தது. 452 சிசி, லிக்விட் கூல்டு எஞ்சின், 40 பிஎஸ் (குதிரைத்திறன்), ஆறு கியர், 17 லிட்டர் டேங்க், 196 கிலோ எடை. முன் சக்கரம் 21 அங்குலம், பின் சக்கரம் 17. 2016இல் வந்த பழைய ஹிமாலயனுக்கும் இதற்கும் பெயர் ஒன்றுதானே தவிர எஞ்சின், சேஸிஸ் எல்லாமே வேறு. பழையது 411 சிசி, ஐந்து கியர், சக்தி 24 பிஎஸ்ஸை ஒட்டி. அதை ஓட்டிப் பார்த்துவிட்டு "மலைக்குச் சரி, ஹைவேக்குத் திணறுகிறது" என்று முடிவு செய்தவர்கள் புதியதை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

ஆனால் உங்கள் கேள்விக்குப் பதில் அந்த 40 பிஎஸ்ஸில் இல்லை. செங்கல்பட்டு தாண்டும் வரை எனக்குப் பெரிய வித்தியாசமே தெரியவில்லை. சொல்லப்போனால் பெருங்களத்தூர் நெரிசலில் பழைய பைக்தான் லேசாக இருந்திருக்கும். விக்கிரவாண்டி, உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர் என்று ஒவ்வொன்றாகக் கழிந்து, திருச்சியில் சாப்பிட இறங்கியபோது நின்ற இடத்திலேயே உடம்பை நெளித்து முறிக்க வேண்டியிருக்கவில்லை. அப்போதுதான் கவனித்தேன். மதுரை, கோவில்பட்டி, கயத்தாறு எல்லாம் தாண்டித் திருநெல்வேலிக்குள் நுழைந்தபோதும் தோள் இறுகவில்லை, உள்ளங்கை மரத்துப்போகவில்லை. பழைய பைக்கில் அந்தக் கடைசி நூறு கிலோமீட்டரைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டித்தான் எனக்குப் பழக்கம்.

காரணம் உட்காரும் விதம். சாதாரண 150 சிசி பைக்கில் முழங்கால் நன்றாக மடங்கும், உடம்பு கொஞ்சம் முன்னால் சாயும், அந்தச் சாய்வின் பாரம் மணிக்கட்டில் இறங்கும். நகரத்துக்குள் அரை மணி நேரம் என்றால் யாருக்கும் தெரியாது. ஆறு மணி நேரம் என்றால் வேறு கதை. இந்த வண்டியில் ஹேண்டில்பார் அகலம், உயரமும் கூட. ஃபுட்ரெஸ்ட் கிட்டத்தட்ட இடுப்புக்கு நேர் கீழே இருக்கிறது. முதுகு நிமிர்ந்து, கை தொங்கலாகப் பிடித்தால் போதும். நிமிர்ந்து உட்காருவதில் ஒரு கெடுதலும் உண்டு: பள்ளத்தில் விழும் அடி நேராகத் தண்டுவடத்தில் ஏறும். அதை இங்கே சஸ்பென்ஷன் வாங்கிக்கொள்கிறது. முன்னாலும் பின்னாலும் 200 மில்லிமீட்டர் அசைவு. மேம்பால இணைப்புகளையும் ஒட்டுப்போட்ட தாரையும் கையில் உணரலாம், முதுகில் உணர மாட்டீர்கள்.

அடுத்தது அதிர்வு. சின்ன எஞ்சினை மணிக்கு 90இல் மணிக்கணக்காக ஓட்டினால் அது தன் சக்தி முழுவதையும் போட்டு ஓடும், அந்த நடுக்கம் விரலில் தங்கிவிடும். இது ஆறாவது கியரில் 90, 100இல் நிதானமாகப் போகிறது. ஆம்னி பஸ்ஸை முந்த வேண்டும் என்றால் ஒரு கியர் குறைத்துத் திருகினால் போதும். ஒன்று பழகிக்கொள்ள வேண்டும்: நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு (ஆர்பிஎம்) கீழே ஓட இந்த எஞ்சினுக்கு விருப்பமில்லை. வேகத்தடையில் கியரை மாற்றாமல் அப்படியே இழுக்கப் பார்த்தால் முனகும். பழைய என்ஃபீல்டு புல்லட்டைப் போல உயர் கியரில் உருட்டிக்கொண்டு போகலாம் என்று வருபவர்களுக்கு முதல் வாரம் கஷ்டம்தான். கிளட்ச் லேசு என்பதால் அடிக்கடி கியர் மாற்றுவது பாரமாக இல்லை.

இதனால் பயண நேரமும் குறைந்தது. நான் வேகமாகப் போனதால் அல்ல, நிறுத்துவது குறைந்ததால். முன்பு மணிக்கொரு தடவை இறங்கி முதுகை நிமிர்த்துவேன். இப்போது இரண்டு மணி நேரம் சுலபமாகப் போகிறது. அதற்கு மேல் உடம்பு கேட்காவிட்டாலும் நிறுத்தி விடுங்கள். வெயிலில் ஜாக்கெட்டுக்குள் வேர்ப்பது காற்றில் உடனே காய்ந்துவிடுவதால் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று தெரியாது. தலை கனக்க ஆரம்பித்தபின் மோர் குடித்துப் பயனில்லை.

பெட்ரோல் லிட்டருக்கு 30 கிலோமீட்டரை ஒட்டிக் கிடைத்தது. 100க்கு மேலேயே பிடித்துக்கொண்டு போனால் குறையும். 17 லிட்டர் டேங்க் என்பதால் பங்க் தேடும் கவலை ஹைவேயில் அறவே இல்லை.

முதுகும் மணிக்கட்டும் தீர்ந்தாலும் காற்று தீரவில்லை. வண்டியோடு வரும் விண்ட்ஸ்கிரீன் நெஞ்சில் அடிப்பதைத் தடுக்கும், தலையில் அடிப்பதைத் தடுக்காது. ஹெல்மெட்டைச் சுற்றி இரைச்சல் ஓயாமல் இருக்கும். நெடுந்தூரக் களைப்பில் பாதி காதில் தொடங்குகிறது என்பது என் அனுபவம். மருந்துக் கடையில் கிடைக்கும் பஞ்சு போன்ற காதடைப்பான் ஒரு ஜோடி வாங்கிப் போட்டுக்கொண்டேன். ஹாரன் கேட்கிறது, இரைச்சல் மட்டும் அடங்குகிறது. இவ்வளவு மலிவாக இவ்வளவு பெரிய நிம்மதி வேறெதிலும் கிடைக்கவில்லை.

காற்றைப் பற்றி இன்னொன்று. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் காவல்கிணற்றிலிருந்து வலது பக்கம் திரும்பி முப்பந்தல், ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவில் போயிருக்கிறீர்களா? மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே கணவாயாகத் திறக்கிறது. அத்தனை காற்றாலைகளை அங்கே கொண்டுபோய் நட்டதற்குக் காரணமும் அதுதான். உயரமான வண்டி, நிமிர்ந்த உடம்பு, பின்னால் பை என்று எல்லாமே காற்றுக்கு வாகாக இருக்கும். நேராகப் போவதற்கே வண்டியைச் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு லாரியின் மறைவுக்குள் போனதும் காற்று சட்டென்று நின்றது, சாய்த்த வண்டி லாரிப் பக்கம் இழுத்தது. லாரியைத் தாண்டி வெளியே வந்ததும் மறுபடி ஒரே அறை. அங்கே கையை இறுக்கினால் வண்டி இன்னும் ஆடும். முழங்காலால் டேங்க்கை அணைத்துக்கொண்டு, கையைத் தளர்த்தி, வேகத்தை 60க்குக் கொண்டுவந்தேன். அதன்பின் வண்டி தானாகவே நிலைக்கு வந்தது. 196 கிலோ எடை அந்த இடத்தில் கைகொடுத்தது. பழைய பைக்கில் இதே இடத்தில் எனக்கு உள்ளூர நடுக்கம் இருக்கும். பின்னால் உயரமான டாப் பாக்ஸ் (சாமான் பெட்டி) மாட்டுவதாக இருந்தால் இந்தச் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். பாரம் கீழேயும் இரு பக்கமும் சமமாகவும் இருப்பதுதான் நல்லது. ஆனால் பக்கவாட்டுப் பெட்டிகள் மாட்டினால் டோல்கேட்டில் பைக்குக்கு விட்டிருக்கும் இடது ஓரச் சந்தில் உரசும். துணிப் பைகள் வைத்த நானே ஓரிரு இடத்தில் நடை வேகத்தில்தான் நுழைந்தேன்.

மேகமலைக்கு வருகிறேன். சின்னமனூரிலிருந்து தென்பழனி செக் போஸ்ட் தாண்டினால் 18 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். அந்தப் பலகைகளைப் படித்துக்கொண்டே ஏறுவது தனி சந்தோஷம். 21 அங்குல முன் சக்கரம் வளைவில் உடனே மடங்காது, கொஞ்சம் முன்கூட்டியே சாய்க்க வேண்டும். நாலைந்து வளைவில் கை பழகிவிடும். மலைமேல் உள்ள ஹைவேவிஸ் என்ற ஊரைத் தாண்டி மணலாறு, இரவங்கலாறு பக்கம் போனபோதுதான் இந்த வண்டி எதற்காகச் செய்யப்பட்டது என்பது புரிந்தது. நான் போனபோது பல இடங்களில் தார் பெயர்ந்து கருங்கல் ஜல்லிதான் கிடந்தது. ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்று, முழங்காலை லேசாக மடக்கி, இரண்டாவது கியரில் விட்டுவிட்டால் வண்டி கீழே தன்பாட்டுக்குக் குதிக்கிறது, தலை மட்டும் அசையாமல் இருக்கிறது. ஹேண்டில்பார் நின்றபடி பிடிப்பதற்கு வாகான உயரம். தேயிலைத் தோட்டத்து வேலையாட்களை ஏற்றிவந்த ஜீப் ஒன்று எதிரே வந்தது. ஒதுங்கி நின்றபோது டிரைவர் அண்ணன் கேட்டார்: "தம்பி, இது எத்தனை சிசி? கல்லுல நல்லா ஏறுதே!" அந்த வழியில் தினம் போகிறவர் வாயால் அதைக் கேட்டது எனக்குப் பெருமையாக இருந்தது.

அங்கே செல்போன் சிக்னல் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். வட்டமான திரையிலேயே கூகுள் மேப் தெரிவது ஹைவேயில் பெரிய வசதி, ஆனால் அது போனிலிருந்துதான் வருகிறது. சின்னமனூரிலேயே வழியைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள், போனுக்கு சார்ஜும் போட்டுக்கொள்ளுங்கள். இரவில் அந்த மலைச்சாலையில் வண்டிகளை விடுவதில்லை, அதையும் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள்.

வாங்குவதாக இருந்தால் இரண்டு விஷயத்தைப் பாருங்கள். முதலாவது டயர். கம்பிச் சக்கரத்தில் டியூப் உள்ளதும் வருகிறது, டியூப்லெஸ்ஸும் வருகிறது. நெடுந்தூரத்துக்கு டியூப்லெஸ் வாங்குங்கள், கூடுதல் பணம் வீண் இல்லை. டியூப்பில் ஆணி குத்தினால் சட்டென்று காற்று இறங்கிவிடும். பிறகு சக்கரத்தையே கழற்ற வேண்டும். டியூப்லெஸ்ஸில் காற்று மெதுவாக இறங்கும், ஓரமாக நின்று நாமே பஞ்சர் குச்சியைத் திணித்துக் கிளம்பலாம். மேகமலை உச்சியில் பஞ்சர் கடைக்கு எங்கே போவது?

இரண்டாவது உயரம். சீட் 825 மில்லிமீட்டர், இன்னும் 20 மில்லிமீட்டர் ஏற்றலாம். நான் ஐந்தரை அடி. இரண்டு காலும் முழுதாக ஊன்றாது. இடுப்பை ஒரு பக்கம் நகர்த்தி ஒரு காலை அழுத்தமாக ஊன்றப் பழகிவிட்டேன். சரிவில் யூ டர்ன் எடுக்கும்போது மட்டும் இன்னும் நிதானம் தேவைப்படுகிறது. குறைந்த உயர சீட்டும் கிடைக்கிறது, தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.

விலையையும் யோசியுங்கள். 2025 செப்டம்பரிலிருந்து 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், அதற்குக் கீழே 18 சதவீதம். இந்த இடைவெளி சின்னதல்ல. உங்கள் பயணம் சென்னையிலிருந்து ஊருக்கு, பிறகு ஊரிலிருந்து சென்னைக்கு என்று முழுக்க நாலுவழிச் சாலைதான் என்றால் சுசுகி வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸ் போன்ற 250 சிசி வண்டியைக் கட்டாயம் ஓட்டிப் பாருங்கள். 167 கிலோதான், 19 அங்குல முன் சக்கரம், டியூப்லெஸ், அதே நிமிர்ந்த உட்காரும் விதம். உங்கள் முதுகுக்கு வேண்டியது அதிலேயே பெரும்பாலும் கிடைத்துவிடும். மலை, கல், மண் பாதை என்று மனசு இழுத்தால் ஹிமாலயனுக்கு வாருங்கள். எனக்கு இழுத்தது, அதனால் வாங்கினேன்.

டெஸ்ட் ரைடில் ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். வாடகைக்குத் தருகிறார்கள், ஒரு நாள் எடுத்து மேல்மருவத்தூர் வரையாவது போய்வாருங்கள். வீட்டில் யாராவது பின்னால் உட்காருவார்கள் என்றால் அவர்களையும் ஏற்றிக்கொண்டு போங்கள். என் மனைவி ஏறுவதற்கே ஃபுட்ரெஸ்ட்டில் கால் வைத்து, என் தோளைப் பிடித்துத்தான் ஏற வேண்டியிருக்கிறது. சேலையில் அது நடக்காது. உட்கார்ந்த பிறகு அவருக்கும் வசதிதான், உயரத்திலிருந்து தூரம்வரை பார்க்கவும் முடிகிறது என்கிறார். ஏறி இறங்க முடியுமா என்பதை மட்டும் பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.