எலியிடம் பலித்த ரத்தப் பரிசோதனைக்காக அம்மா காத்திருக்கலாமா?

கேள்வி: டாக்டர், அறிகுறி வருவதற்கு முன்பே அல்சைமர் நோயை ரத்தத்தில் கண்டுபிடிக்கும் புது முறை சுண்டெலிகளிடம் வெற்றி பெற்றதாகப் படித்தேன். 68 வயதான என் அம்மாவுக்கு ஆறு மாதமாக மறதி அதிகம். அந்தப் பரிசோதனை வரும்வரை பொறுத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம், இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

சுண்டெலிக்கு அல்சைமர் தானாக வராது. சில குடும்பங்களில் இந்த நோயைப் பரம்பரையாகக் கொண்டுவரும் மனித மரபணுவை எலிக்குள் புகுத்தி, அதன் மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படியும்படி வளர்க்கிறார்கள். ஒரே மரபணு, ஒரே தீனி, புரதம் எந்த மாதத்தில் படியத் தொடங்கும் என்பதுகூட முன்பே தெரியும். உங்கள் அம்மாவின் ரத்தம் அப்படி இல்லை. சிறுநீரகம் கொஞ்சம் மந்தமாக இருந்தாலே, இந்தப் பரிசோதனைகள் பார்க்கும் புரதங்களின் அளவு ரத்தத்தில் ஏறிவிடலாம்.

1999-ல் ஒரு தடுப்பூசி எலி மூளையில் படிந்த அமிலாய்டைக் குறைத்தது, எல்லோருக்கும் பெரிய நம்பிக்கை, ஆனால் மனிதர்களுக்குப் போட்டபோது சுமார் 6 சதவீதம் பேருக்கு மூளையில் அழற்சி வந்து 2002-ல் அந்த ஆய்வையே நிறுத்த வேண்டியதாயிற்று. அதற்காக எலி ஆய்வு வீண் என்று நினைக்காதீர்கள். நம்மிடம் பல வருடம் எடுக்கும் மாற்றத்தை எலியில் சில மாதங்களில் பார்த்துவிடலாம், ரத்தத்தையும் மூளையையும் ஒரே நாளில் ஒப்பிடலாம், அது மனிதரிடம் முடியாது.

இன்னொன்று, மனிதர்களுக்கான ரத்தப் பரிசோதனை ஏற்கெனவே வந்துவிட்டது. பி-டௌ 217 என்ற இன்னொரு புரதம், அமிலாய்டு, இவை இரண்டும் ரத்தத்தில் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று பார்க்கும் ஒரு பரிசோதனைக்கு 2025 மே மாதம் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. 55 வயதுக்கு மேல், மறதி தொடங்கியவர்களுக்கு, நிபுணரின் மேற்பார்வையில் மட்டும். அதை மட்டும் வைத்து நோயை முடிவு செய்வதில்லை.

ஆனால் அம்மாவுக்கு முதலில் பார்க்க வேண்டியது அதுவும் இல்லை. தைராய்டு, பி12 குறைவு, மனச்சோர்வு, காது மந்தம், தூக்க மாத்திரை, சில அலர்ஜி மாத்திரைகள், இவை எல்லாமே மறதி போலத் தெரியும், பெரும்பாலும் சரிசெய்யவும் முடியும். அவர் சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், எதை, எப்போது மறந்தார் என்று நாலைந்து சம்பவங்களைத் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். திடீரெனக் குழம்பினாலோ, பேச்சு குழறினாலோ, கீழே விழுந்தபிறகு மறதி கூடினாலோ அன்றைக்கே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.