நீலத்துக்குச் செம்பு தேவையில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

நிறங்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் “கல் நீலமாக இருந்தால் உள்ளே செம்பு இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்” என்று ஒரு வரி வருகிறது. கண்ணை மூடாமல் பார்த்ததில் எனக்கு ஒரு சிக்கல். கனிமங்கள் சேகரிக்கும் நண்பர் ஒருவர் எனக்கு ஒரு நீலக் கல்லைத் தந்தார். கூட இருந்த சீட்டில் ‘லாசுலைட்’ என்று எழுதியிருந்தது. தேடிப் பார்த்தால் அது மெக்னீசியமும் அலுமினியமும் சேர்ந்த ஒரு பாஸ்பேட், அதாவது பாஸ்பரஸ் சேர்மம். செம்பு என்ற பேச்சே இல்லை. மெக்னீசியத்துக்கும் நிறம் கிடையாது, அலுமினியத்துக்கும் கிடையாது. அப்படியானால் நீலம் எங்கிருந்து வருகிறது?

இன்னொருவர் கல்லைப் பார்த்துவிட்டு “இது லாபிஸ் லசூலி, பெயரைச் சுருக்கி எழுதியிருக்கிறார்கள்” என்கிறார். இரண்டும் ஒன்றா? இவ்வளவு அழகான கல் ஏன் யார் மோதிரத்திலும் இல்லை, அவ்வளவு அரிதா? கடைசியாக ஒன்று: அதே நண்பர் வேறொரு நீலப் பாஸ்பேட்டைக் கறுப்புத் துணியில் சுற்றி இழுப்பறைக்குள் வைத்திருக்கிறார். எனக்குத் தந்ததையும் அப்படித்தான் வைக்க வேண்டுமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

அந்த வரி தவறு. மயில்துத்தம், அசுரைட், டர்க்காய்ஸ் என்று மனதில் வரிசையாக வந்த நீலங்களில் எல்லாம் செம்பு இருந்தது, உடனே ஒரு விதி எழுதிவிட்டேன். நீலம் என்ற சொல்லே தமிழில் ஒரு ரத்தினத்தின் பெயர். அந்த நீலக்கல்லில் செம்பு கிடையாது என்பது எழுதும்போது நினைவுக்கு வராமல் போனதற்கு என்ன சாக்குச் சொல்ல? கட்டுரையைத் திருத்திவிட்டேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தை முடித்துவிடலாம். லாசுலைட், லாசுரைட், லாபிஸ் லசூலி, அசுரைட். நான்குமே நீலம், நான்கு பெயர்களும் நீலத்தைக் குறிக்கும் ஒரே பாரசீகச் சொல்லின் வழிவந்தவை. ஆனால் லாபிஸையும் லாசுரைட்டையும் தவிர மற்றவை பொருளால் ஒன்றுக்கொன்று உறவே இல்லை. லாபிஸ் லசூலி கனிமம் அல்ல, பல கனிமங்கள் கலந்த பாறை. அதில் நீலமாக இருப்பது லாசுரைட். உங்களுடையது லாசுலைட். நடுவில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம், ‘ரை’க்குப் பதில் ‘லை’. இந்த ஓரெழுத்தில் எத்தனை சீட்டுகள் தப்பாக எழுதப்பட்டிருக்கும் என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது. லாசுரைட்டின் நீலத்துக்கு மூன்று கந்தக அணுக்கள் சேர்ந்த ஒரு குழு காரணம். அசுரைட் செம்பின் கார்பனேட். லாசுலைட் பாஸ்பேட். பெயர் வைத்தவர் மார்ட்டின் ஹைன்ரிக் கிளாப்ரோத், 1795இல். யுரேனியத்தை அறிவித்த அதே வேதியியலாளர்தான். நீலக்கல் என்ற பொருள்வரும் பழைய ஜெர்மன் சொல்லிலிருந்து எடுத்தார். பிற்காலத்துக் குழப்பத்துக்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாது, லாசுரைட் என்ற பெயர் அப்போது பிறந்திருக்கவில்லை.

உங்கள் கல் எது என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். பொன்னை உரைகல்லில் உரைப்பதுபோல, மெருகு பூசாத வெள்ளைப் பீங்கானின் முதுகில் கல்லின் ஒரு ஓரத்தை இழுங்கள். அசுரைட் வெளிர்நீலக் கோடு போடும், லாபிஸும் அப்படித்தான். லாசுலைட்டின் கோடு வெள்ளை. எவ்வளவு அடர்த்தியான நீலமாக இருந்தாலும் பொடித்தால் வெள்ளைதான். அமிலச் சொட்டு விட்டும் பிரித்தறிவார்கள்: அசுரைட் நுரைக்கும், லாபிஸ் அழுகிய முட்டை நாற்றம் விடும், லாசுலைட் குளிர்ந்த அமிலத்தைச் சட்டைசெய்யாது. ஆனால் பரிசாக வந்த கல்லில் அமிலம் ஊற்ற வேண்டாம். வெள்ளைக் கோடே போதும்.

சரி, நீலம் எங்கிருந்து வருகிறது? தூய லாசுலைட் என்று ஒன்று இருந்தால் அதற்கு நிறமே இருக்காது. நீங்கள் சொன்னதுபோல மெக்னீசியம், அலுமினியம், பாஸ்பேட், ஹைட்ராக்சைடு நான்கும் நிறமற்றவை. இயற்கையில் கிடைப்பதில் கொஞ்சம் இரும்பு புகுந்திருக்கும். படிகத்துக்குள் ஒரு மெக்னீசியம் இருக்கை, அதன் இரு பக்கமும் ஒட்டினாற்போல அலுமினிய இருக்கைகள், இப்படி மூன்று மூன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. மெக்னீசியத்தின் இடத்தில் இரண்டு எலெக்ட்ரான் இழந்த இரும்பு வந்து உட்காரும். பக்கத்து அலுமினிய இடங்களில் எங்காவது மூன்று எலெக்ட்ரான் இழந்த இரும்பு உட்கார்ந்திருக்கும். இரண்டும் மிக அருகருகே. ஒளி விழும்போது முதல் இரும்பிலிருந்து ஓர் எலெக்ட்ரான் இரண்டாவதுக்குத் தாவுகிறது. அந்தத் தாவலுக்கு வேண்டிய ஆற்றல் சிவப்பு, மஞ்சள் ஒளியில் இருக்கிறது. அவை உள்ளே விழுங்கப்பட, மிச்சம் வெளியே வருவது நீலம்.

ஆக, நீலத்தை இரும்பு கொடுக்கிறது என்று சொன்னால்கூட அது பாதி உண்மைதான். ஒரே வகை இரும்பு மட்டும் இருந்தால் இந்த நீலம் கிடையாது. இரண்டு வகையும் வேண்டும், இரண்டும் அடுத்தடுத்து இருக்க வேண்டும். நான் முன்பு மறந்துபோன நீலக்கல்லிலும் ஏறக்குறைய இதே வேலைதான் நடக்கிறது, அங்கே இரும்பிலிருந்து பக்கத்து டைட்டானியத்துக்குத் தாவல். நீலத்தைப் பற்றி எழுதும்போது எந்த உலோகம் என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன். எந்த உலோகத்துக்குப் பக்கத்தில் எது என்று கேட்டிருக்க வேண்டும்.

இதை நீங்களே ஓரளவு கண்ணால் பார்க்கலாம். கல்லில் ஒளி ஊடுருவும் மெல்லிய ஓரம் ஏதாவது இருந்தால், கறுப்புக் கண்ணாடிகளில் வருமே போலராய்டு வில்லை, அதன் வழியாகப் பார்த்துக்கொண்டே வில்லையை மெல்லச் சுழற்றுங்கள். ஒரு நிலையில் ஆழ்ந்த நீலம், கால் வட்டம் திருப்பினால் ஏறக்குறைய நிறமின்மை. தாவல் அந்த மூன்று இருக்கைகளின் வரிசையில் மட்டுமே நடக்கிறது என்பதால், ஒளியின் அதிர்வு அந்தத் திசையோடு ஒத்துப்போனால்தான் விழுங்கப்படுகிறது. இது எல்லாக் கல்லிலும் தெரியாது, பெரும்பாலான லாசுலைட் ஒளி புகாத கட்டிதான். தெரிந்தால் அதிர்ஷ்டம்.

இரும்பு கூடக்கூட நீலம் கருக்கும். மெக்னீசியத்தைவிட இரும்பு மிஞ்சிவிட்டால் பெயரே மாறி ஸ்கார்சலைட் ஆகிவிடும். பிரேசிலின் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்துக் கல்லை வைத்து, எவரிஸ்டோ பெனா ஸ்கோர்சா என்ற பிரேசில் கனிமவியலாளரின் பெயரில் அழைக்கப்படுவது. அலுமினியத்தின் இடங்களையும் இரும்பே பிடித்துக்கொண்டால் பார்போசலைட், அது கிட்டத்தட்ட கறுப்பு.

இப்போது அரிதா என்ற கேள்வி. உலகில் பாஸ்பரஸ் அரிது அல்ல, அலுமினியம் எங்கும் கிடக்கிறது. இடைஞ்சல் செய்வது கால்சியம். பாறையில் கால்சியம் இருந்தால் பாஸ்பேட் முழுவதையும் அதுவே வளைத்துப்போட்டு அப்படைட் ஆக்கிவிடும். நம் பல்லும் எலும்பும்கூட அந்தக் குடும்பம்தான். லாசுலைட் பிறக்க வேண்டுமென்றால் கால்சியம் ஏறக்குறைய இல்லாத, அலுமினியம் மிகுந்த பாறை வேண்டும், அதில் பாஸ்பேட்டும் இருக்க வேண்டும். பாறையை அமிலத்தன்மையுள்ள வெந்நீர் நெடுங்காலம் அலசிக் கால்சியத்தைக் கொண்டுபோய்விட்ட இடங்கள் சில உண்டு. அவை பிறகு பூமிக்குள் அழுந்தி வெந்து உருமாறினால், குவார்ட்சைட் என்ற கெட்டிப் பாறைக்குள் கயனைட், ரூடைல் போன்ற கனிமங்களோடு லாசுலைட்டும் உட்கார்ந்திருக்கும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கிரேவ்ஸ் மலை அப்படிப்பட்டது. வெளிறிய பாறையில் இரட்டைக் கூம்புபோலக் கருநீலப் படிகங்கள் புதைந்திருக்கும். கலிபோர்னியாவின் வெள்ளை மலைத்தொடரில் சாம்பியன் சுரங்கம் என்று ஒன்று. அங்கே ஆண்டலுசைட் என்ற அலுமினியக் கனிமத்தை வெட்டி எடுத்து இயந்திரங்களின் ஸ்பார்க் பிளக்கில் வரும் பீங்கானுக்குப் பயன்படுத்தினார்கள். கூடவே லாசுலைட்டும் இருந்தது, அதைத் தேடி யாரும் அங்கே தோண்டவில்லை.

இது முதலில் விவரிக்கப்பட்ட இடம் ஆஸ்திரியாவின் ஸ்டீரியாவில், கிரீக்லாக் அருகே உள்ள பள்ளத்தாக்கு. சால்ஸ்பர்க் பக்கம் வெர்ஃபனிலும் நெடுங்காலமாக எடுத்திருக்கிறார்கள். கிரானைட்டோடு தொடர்புடைய, பெரிய படிகங்கள் கொண்ட பெக்மடைட் என்ற பாறையிலும் கிடைக்கிறது.

ஆனால் எனக்குப் பிடித்த இடம் கனடாவின் யூக்கான், ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே ராப்பிட் கிரீக், பிக் ஃபிஷ் ஆறு என்ற பகுதி. அது மேலே சொன்ன கதைக்கு அடங்காதது. வெந்து உருமாறிய பாறை இல்லை, டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்தின் முற்பகுதியில் கடலடியில் படிந்த இரும்பும் பாஸ்பேட்டும் மிகுந்த படிவுப்பாறை. பிற்பாடு அது விரிசல்விட்டது. விரிசல்களில் ஊறிய நீர் பாறையிலிருந்தே சரக்கை எடுத்து, வெற்றிடத்தில் நிதானமாகப் படிகம் வளர்த்தது. பாறைக்குள் நெருக்கப்பட்டு வளர்ந்த கல்லுக்கும் காலியிடத்தில் வளர்ந்த கல்லுக்கும் உள்ள வித்தியாசம் பார்த்தவுடனே தெரியும்: பளபளக்கும் முகங்கள், கூரிய விளிம்புகள். அதுவரை யாரும் அறியாத கனிமங்களும் அங்கிருந்து வந்தன: குலானைட், பாரிசைட், கோர்மனைட் என்று ஒரு பட்டியலே உண்டு. 1976இல் யூக்கான் லாசுலைட்டைத் தன் அதிகாரபூர்வ ரத்தினமாக அறிவித்தது. ரத்தினம் என்று அறிவித்துவிட்டார்களே தவிர அணிந்துகொள்வது கஷ்டம்.

அதற்குக் காரணம் எளிது. கடினத்தை ஒன்றிலிருந்து பத்துவரை சொல்லும் மோஸ் அளவில் இது ஐந்தரை முதல் ஆறு. தூசியில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் ஏழு, ஆகவே துடைக்கும் துணியே மோதிரக் கல்லைக் கீறிவிடும். தட்டினால் நொறுங்கும். பொற்கொல்லர் சுடரில் காட்டினால் உள்ளிருக்கும் நீர் வெளியேறி, நிறம் வெளுத்து, உப்பி உதிர்ந்துபோகும். தெளிவாகக் கிடைப்பதும் அபூர்வம், பட்டை தீட்டினால் தேறுவது பொட்டுப்போல ஒரு துண்டு. வெள்ளைக் குவார்ட்ஸோடு பின்னிக் கிடப்பதை உருட்டையாகத் தேய்த்துப் பதக்கத்தில் வைப்பவர்கள் உண்டு. எனக்கு அந்தப் புள்ளி விழுந்த கல்தான் தெளிவான துண்டைவிட அழகாகத் தெரிகிறது, இது ரசனை விஷயம்.

அப்புறம் அந்தக் கறுப்புத் துணிக் கல். பார்க்காமலே சொல்கிறேன், அது பெரும்பாலும் வைவியனைட்டாக இருக்கும். இன்னொரு விதி எழுதிவிட்டானே என்று சிரிக்காதீர்கள், இழுப்பறைக்குள் ஒளித்து வைக்க வேண்டிய நீலப் பாஸ்பேட் என்றால் எனக்கு வேறு தோன்றவில்லை. இது இரும்பும் பாஸ்பேட்டும் நிறைய நீரும் சேர்ந்தது. ஜான் ஹென்றி விவியன் என்பவர் இங்கிலாந்தின் கார்ன்வாலில் கண்டெடுத்தார், 1817இல் வெர்னர் என்ற ஜெர்மன் கனிமவியலாளர் அவர் பெயரையே வைத்தார். நகக்கீறலுக்கே தோற்கும் அளவுக்கு மெது. சதுப்பு மண்ணிலும் ஏரிச் சேற்றிலும், காற்றுப் படாமல் புதைந்த எலும்புகளின் மேலும் வளரும். ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த ஓட்ஸி என்ற ஐயாயிரம் ஆண்டு முந்தைய மனிதனின் தோலில்கூட இதன் நீலத் துகள்கள் இருந்தன.

மண்ணிலிருந்து எடுத்த கணத்தில் வைவியனைட்டுக்கு நிறமில்லை, ஏனென்றால் உள்ளே இருப்பது இரண்டு எலெக்ட்ரான் இழந்த முதல் வகை இரும்பு மட்டும். ஒளியும் காற்றும் பட்டதும் அதில் ஒரு பங்கு இன்னோர் எலெக்ட்ரானை இழக்கிறது. இப்போது இரண்டு வகையும் அருகருகே வந்துவிட்டன, தாவல் தொடங்குகிறது, கல் நீலமாகிறது. இன்னும் வெளிச்சத்தில் வைத்தால் கரும்பச்சை, பிறகு கறுப்பு. முழுக்க இரண்டாம் வகையாகவே மாறிவிட்டால் தாவ வழியில்லை, நீலம் போய்ப் பழுப்பு வந்துவிடும். அதற்குள் படிகமே விண்டுபோயிருக்கவும் கூடும். லாசுலைட் பிறக்கும்போதே செய்து முடித்துவிட்ட வேலையை இது நம் கண்ணெதிரே செய்கிறது.

ஆகவே உங்கள் நண்பர் துணியில் சுற்றி வைத்திருப்பது சரிதான், அதை அடிக்கடி எடுத்துக் காட்டச் சொல்லித் தொந்தரவு செய்யாதீர்கள். உங்களுடைய லாசுலைட்டை ஜன்னலோரத்திலேயே வைக்கலாம், வெயில் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் முதலில் பீங்கானில் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். கோடு நீலமாக விழுந்தால் எழுதுங்கள், லாபிஸ் என்று சொன்னவரிடம் நாம் இருவரும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும்.

அன்புடன்.