பொண்ணு நடிக்கணும்னு சொன்னதுக்கு அழாதீங்கக்கா

அக்கா, நேத்து நீங்க போன்ல அழுததுல இருந்து எனக்கு மனசே சரியில்ல, அதான் உக்காந்து டைப் பண்றேன். பாப்பா பிளஸ் டூ முடிக்கப்போற நேரத்துல ஐஸ்வர்யா ராஜேஷ் மாதிரி வரணும்னு சொல்றா, அவங்க வாங்குன அவார்டை எல்லாம் போன்ல காட்டுறான்னு சொன்னீங்க. நல்லதுதான்க்கா, அந்த அவார்டு கதையவே அவளும் நீங்களும் சேர்ந்து முழுசா பாருங்க.

'காக்கா முட்டை'ல ரெண்டு பசங்களுக்கு அம்மாவா நடிச்சதுக்குத்தான் அவங்களுக்கு தமிழ்நாடு அரசோட சிறந்த நடிகை விருது கெடச்சுது. படம் தியேட்டருக்கு வந்தது 2015ல, விருதை அறிவிச்சது 2017ல. சின்ன வயசுல அம்மா ரோல் பண்ணா அப்புறம் அப்படியே முத்திரை குத்திருவாங்கன்னு நிறைய பேர் பயப்படுற ரோல் அது. அப்புறம் 'கனா' 2018, அதுக்காக மாசக்கணக்குல கிரிக்கெட் பழகி நடிச்சாங்க. நம்ம ஏரியா கதையான 'வடசென்னை'யும் அதே வருஷம்தான்.

ஆனா பாப்பா காட்டுற லிஸ்ட்ல அதுக்கு முன்னாடி நடந்தது எதுவும் இருக்காது. ஐஸ்வர்யா சின்ன பொண்ணா இருக்கும்போதே அவங்க அப்பா தவறிட்டார், ஹவுசிங் போர்டு வீட்டுல அம்மா எல்ஐசி ஏஜென்ட் வேலை பாத்து தனியா வளர்த்தாங்க. ஸ்கூல் படிக்கும்போதே சூப்பர் மார்க்கெட்ல நின்னு சாக்லேட் சாஸ் ப்ரமோஷன் பண்ணி 225 ரூபா சம்பளம் வாங்குனத அவங்களே மேடை ஏறி சொல்லிருக்காங்க. நிறத்தை வச்சி பேசுனவங்களையும் சொல்லிருக்காங்க, நம்ம பாப்பா அத கட்டாயம் கேக்கணும்க்கா. எத்திராஜ் காலேஜ்ல பி.காம் படிச்சாங்க, சன் டிவில 'அசத்தப்போவது யாரு' ஆங்கரிங் பண்ணாங்க, கலைஞர் டிவில 'மானாட மயிலாட' மூணாவது சீசன் ஜெயிச்சாங்க. அதுக்கப்புறமும் 2012ல 'அட்டகத்தி'ல கெடச்சது சின்ன ரோல்தான். டிவில ஜெயிச்ச உடனே யாரும் தூக்கிட்டு போய் ஹீரோயின் ஆக்கிடல, வருஷக்கணக்கா நின்னாங்க, அந்த வருஷமெல்லாம் கையில ஒரு டிகிரியும் இருந்துச்சி. நான் பாப்பாவுக்கு கேக்குறதும் அதுதான், ஆசைய விட வேணாம், டிகிரியையும் விட வேணாம்.

பிராட்வே பக்கம் பாரதி மகளிர் கல்லூரி இருக்கு, கவர்மெண்ட் காலேஜ், ஃபீஸ் உங்க கைக்கு அடங்கும். ஆறாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்லயே படிச்சவங்கறதால புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா அவ அக்கவுண்ட்லயே விழும். சினிமாவேதான் படிக்கணும்னு நின்னான்னா தரமணில கவர்மெண்ட் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் இருக்கு, கேமரா, எடிட்டிங், சவுண்டு, டைரக்‌ஷன்னு பிளஸ் டூ முடிச்சவங்களுக்கு நாலு வருஷ டிகிரி. எடிட்டிங் கத்துக்கிட்ட பொண்ணுக்கு நடிக்க சான்ஸ் வராத மாசத்துலயும் வேலை இருக்கும், அதனால எனக்கு அது ரொம்ப பிடிக்கும். நடிப்புக்கு காலேஜ் நாடகக் குழுவுல சேரட்டும், மூணு வருஷம் மேடைல நின்னான்னா இது ஆசையா, இல்ல உண்மையிலயே வருமான்னு அவளுக்கே தெரிஞ்சிரும்.

ஒண்ணு மட்டும் ரொம்ப கண்டிப்பா சொல்றேன்க்கா. போட்டோ எடுக்கணும், போர்ட்ஃபோலியோ, சீரியல்ல சான்ஸ் ரெடின்னு காசு கேக்குறவங்க யாரா இருந்தாலும் ஒரு ரூபா குடுக்காதீங்க. காலடிப்பேட்டைல எனக்கு தெரிஞ்ச குடும்பம் நகைய அடகு வச்சி 40,000 குடுத்தாங்க, ஆல்பம் வந்துச்சி, அதுக்கப்புறம் அந்த ஆள் போனே எடுக்கல, அந்த பொண்ணு ஒரு வருஷம் படிப்பையும் விட்டுருச்சி, அத நெனச்சா இன்னும் வயிறு எரியுது. நடிக்க வச்சா அவங்கதான் சம்பளம் தரணும். ஆடிஷன்னு கூப்ட்டா நீங்களோ அவ அண்ணனோ கூடவே போங்க, தனியா அனுப்பாதீங்க.

அவள திட்டாதீங்க, அவங்கப்பாவையும் கொஞ்சம் பொறுமையா இருக்க சொல்லுங்க. ரிசல்ட் வந்ததும் கவர்மெண்ட் காலேஜ் அப்ளிகேஷன் ஆன்லைன்ல போடணும், அதுக்கு கம்யூனிட்டி சர்டிஃபிகேட் எல்லாம் இப்பவே எடுத்து ஒரு ஃபைல்ல வச்சிருங்க, ஸ்கூல்ல டிசி குடுத்ததும் அதையும் அதுலயே சேத்துருங்க. ஞாயித்துக்கிழமை காலைல பாப்பாவ கூட்டிட்டு என் வீட்டுக்கு வாங்க, அவகிட்ட நானே பேசுறேன்.